சீபம்: 'கொழுப்பு' வேண்டாம், 'தோல்நெய்' என்று வைப்போமா?

வணக்கம் நண்பர்களே,

தோலின் சுரப்பிகள் விடும் பிசுபிசுப்பான சீபத்துக்குத் (sebum) தமிழில் 'சருமக் கொழுப்பு' என்ற சொல்லே போதும் என்று ஐயா ஒருவர் இங்கே எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் உயர்நிலை 2 படிக்கும் என் அக்கா மகளிடம், "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி, அதான் பரு வருது" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

பாடநூல்களில் வரும் 'எண்ணெய்ச் சுரப்பி'யிலும் எனக்குக் குறை உண்டு. எண்ணெய் என்றதுமே எங்கள் அம்மா, தேக்கா சந்தையில் தின்ற வடைதான் முகத்தில் வழிகிறது என்று முடிவு கட்டிவிடுவார். சுரப்பியின் செல்கள் தமக்குள்ளேயே இந்தப் பசையை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தாமே உடைந்து அதைக் கொட்டுகின்றன. டிரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் எனப் பல கொழுப்புப் பொருள்கள் கலந்த பசை அது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோன் கூடும்போது, பெண்பிள்ளைகளுக்கும்தான், சுரப்பும் கூடுகிறது. 'தோல் எண்ணெய்' என்று மாற்றினாலும், தலைக்குத் தேய்ப்பது தலையெண்ணெய் என்பதுபோல, தோலுக்குத் தேய்க்கக் கடையில் விற்பது என்றுதான் படும்.

எள்ளின் நெய்தானே எண்ணெய்? அப்படியானால் பிசுபிசுப்பான எதற்கும் பொதுவான பழைய சொல் நெய்தான், நாம்தான் அதைத் தோசைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். தோல் தரும் நெய், தோல்நெய். சுரப்பி, தோல்நெய்ச் சுரப்பி. கேலி வரும், வரட்டும்.

அடுத்து, பருவோடு சேர்த்துப் பேசப்படும் பாக்டீரியாவுக்குப் 'பருக்கிருமி' என்ற பெயர். இதை நான் ஒப்பமாட்டேன். அந்தக் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் (Cutibacterium acnes), 2016 வரை புரொப்பியோனிபாக்டீரியம் என்று அழைக்கப்பட்டது, பருவே இல்லாத முகத்திலும் வாழ்கிறது. கிருமி என்றால் வெளியிலிருந்து வந்து தொற்றியது என்று பிள்ளைகள் நினைத்து, ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள், தோல் எரிந்ததுதான் மிச்சம். நடப்பது இது: மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டு தோல்நெய்யோடு சேர்ந்து அடைக்கின்றன, உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, அது இந்த பாக்டீரியாவுக்குத் தோதான இடம், பெருகுகிறது. அதன் லைப்பேஸ் நொதி டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது, உடலின் எதிர்ப்பாற்றல் கிளம்பி வருகிறது, சிவப்பும் சீழும் அப்புறம்தான். நம் அடுக்குமாடி புளோக்கில் குப்பைக் குழாய் அடைத்துக்கொண்டால் கரப்பான் பெருகுகிறதே, அதுபோல. கரப்பான் முன்பும் அங்கேதான் இருந்தது. (கரப்பான் என்று ஒரு தோல்நோயும் உண்டு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) எனவே என் பரிந்துரை 'தோல்வாழ் பாக்டீரியா'. நீளம்தான், ஆனால் பழி சுமத்தவில்லை.

கோமெடோனில், அதாவது அப்படி அடைத்துக்கொண்ட மயிர்க்காலுக்குப் பெயர் வைப்பதில்தான், மாட்டிக்கொண்டேன். கருப்பாக இருப்பதைக் 'கரும்புள்ளி' என்கிறோம், அழுக்கென்று நினைத்துப் பிதுக்குகிறோம், அந்தக் கருப்பு அழுக்கல்ல, மெலனின் என்ற தோல் நிறமி. சரி, அதன் ஜோடியான வெள்ளை வகையை 'வெண்புள்ளி' என்று வைக்கலாமா என்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே தோல் நிறமிழந்து வெள்ளைத் திட்டாகும் விட்டிலிகோவுக்குப் போய்விட்டது. இப்போதைக்கு 'நெய்யடைப்பு' என்று வைத்திருக்கிறேன்: வாய் திறந்திருந்தால் திறந்த நெய்யடைப்பு, மூடியிருந்தால் மூடிய நெய்யடைப்பு. வாய்க்கு வருகிறதா? நம்மில் மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்கா, நாளைக்கு வாடிக்கையாளர் யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்களேன்.