டொம் ஃபின்னி ஏன் பிளம்பர் வேலையைக் கடைசிவரை விடவில்லை?

கல்லடி அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 18. உதைபந்தில் ரைட் விங், அதாவது வலது ஓரத்து முன்வரிசையில், விளையாடுகிறான், பின்னேரமானால் வெபர் மைதானத்தில்தான் இருப்பான். பிளம்பிங் பழகப் போட்டோம், ஆறு மாதம் ஓடிவிட்டது, இப்போது அதை விட்டுவிட்டு முழுநேரமும் பந்துதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவுக்கு ஒரே கவலை. எங்கள் அப்பப்பாவும் அந்தக் காலத்தில் விங்கர். இங்கிலாந்தின் பழைய உதைபந்து வீரர் டொம் ஃபின்னியைப் பற்றி, "இங்கிலாந்தின் ஃபின்னியே குழாய் வேலை செய்தவன்தான்" என்று அடிக்கடி சொல்வார். அது உண்மையா? நாட்டுக்காக 76 ஆட்டம் ஆடிய மனிதருக்கு அந்த வேலை எதற்கு? தம்பியிடம் பேசுவதற்கு முன் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாவிக்கரை:
தங்கச்சி, அப்பப்பா சொன்னது முழுக்க உண்மை. ஃபின்னி 1922 இல் பிரெஸ்டன் நகரில் பிறந்தவர். சின்னவயதில் மெலிந்த சிறிய உருவம், 14 வயதில் ஐந்தடிகூட இல்லை. பிரெஸ்டன் நோர்த் எண்ட் கழகம் கூப்பிட்டபோது தகப்பன் விடவில்லை, முதலில் பிளம்பர் தொழிலைப் பழகி முடி, அப்புறம் பந்து என்று சொல்லிவிட்டார். 1940 இல் தொழில்முறை வீரராகக் கையெழுத்து வைத்தார், ஆனால் அதற்குள் யுத்தம். எகிப்திலும் இத்தாலியிலும் பிரிட்டிஷ் எட்டாவது படையில் இருந்துவிட்டுத் திரும்பி, லீக்கில் முதல் ஆட்டம் ஆடும்போது 1946 ஓகஸ்ட், வயது 24. அடுத்த மாதமே இங்கிலாந்து அணியில் எடுத்தார்கள், முதல் ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். ஒரு விங்கருக்குக் கால் பறக்கிற வயது யுத்தத்தோடு போய்விட்டது, இதை நம்முடைய ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

1960 வரை வேறு கழகத்துக்கு மாறவில்லை. லீக்கில் மட்டும் 433 ஆட்டம், 187 கோல். ஓரத்தில் ஆடுகிறவருக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை. ஆனால் பெரிய கிண்ணம் ஒன்றும் கையில் கிடைக்கவில்லை: 1953 இல் ஆர்சனலோடு புள்ளி சமன், கோல் சராசரியில் (அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கிற கணக்கு) லீக் பட்டம் கைவிட்டுப் போனது, 1954 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் வெஸ்ட் புரோமிச்சிடம் 3-2 என்று தோல்வி. அந்தத் தோல்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கேட்பதில்லை.

காரைதீவு ரைட் அவுட்:
வாவிக்கரை அண்ணன் காசு விஷயத்தைத் தொடவில்லை, அதுதான் இதில் முக்கியம். அப்போது இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு இருந்தது. 1952 இல் அது 14 பவுண். அந்த வருடம் இத்தாலியின் பலெர்மோ கழகம் ஃபின்னியைக் கேட்டது: கையெழுத்துக்கு 10,000 பவுண், மாதம் 130 பவுண், வீடு, கார். பிரெஸ்டன் நிர்வாகம் முடியாது என்றது, அதோடு கதை முடிந்தது. ஒப்பந்தக் காலம் தீர்ந்தாலும் கழகம் விட்டால்தான் ஒருவன் வெளியே போகலாம் என்பது அன்றைய விதி. அந்த வரம்பு 1961 ஜனவரியில்தான் எடுபட்டது, உடனே ஃபுல்ஹாம் கழக வீரர் ஜொனி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்! ஃபின்னி அதற்கு முந்தைய ஏப்ரலில்தான் விளையாட்டை விட்டிருந்தார். ஆக, பிளம்பர் தொழில்தான் அவர் வீட்டைத் தாங்கியது. பந்தில் அக்கறை குறைந்து அந்த வேலைக்குப் போகவில்லை.

இங்கேயும் கழகப் பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு, படை, பொலிஸ் அணிகளில் ஆடுகிறவர்களுக்கும் அது வேலையோடு சேர்ந்த ஆட்டம்தான். மிச்சமிருக்கிற பயிற்சியை முடிக்கட்டும் அக்கா. குழாய் வேலை பகலில், பந்து பின்னேரம், இரண்டும் ஒன்றையொன்று மறிக்காது.

மாமாங்கம் பயிற்சியாளர்:
பிள்ளை, நான் விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபின்னிக்குப் பிறவியில் இடதுகால்தான். வலதுகாலை மணிக்கணக்காகப் பழக்கி ரைட் விங்குக்கு வந்தவர், அதனால்தான் 1947 இல் லிஸ்பனில் போர்த்துக்கலை 10-0 என்று அடித்தபோது வலப்பக்கம் இங்கிலாந்தின் இன்னொரு பெரிய விங்கர் ஸ்டான்லி மத்தியூஸையும் இடப்பக்கம் இவரையும் ஒன்றாக இறக்க முடிந்தது. மத்தியூஸா ஃபின்னியா என்று அங்கே வருடக்கணக்காகச் சண்டை. மத்தியூஸ் பின்காப்பாளரைத் திக்குமுக்காட வைத்து மற்றவனுக்குப் பந்து போடுவார். ஃபின்னி அதையும் செய்வார், உள்ளே வெட்டிப் போய்க் கோலும் அடிப்பார், பிறகு நடு முன்வரிசையிலும் ஆடினார். என் வாக்கு ஃபின்னிக்குத்தான். நம்முடைய பொடியன்களில் பலர் ஒரே காலை வைத்துக்கொண்டு கோடு வரைக்கும் ஓடுகிறார்கள், பின்காப்பாளர் அந்தக் காலை மறித்தால் பந்து போய்விடும். தம்பிக்கு எந்தக் கால்?

கல்லடி அக்கா:
வலது மட்டும்தான் ஐயா. எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பலெர்மோ கதைக்குக் கோபப்பட்டான், அப்புறம் 1956 இல் எடுத்த அந்தப் படத்தை, வெள்ளம் நிற்கிற ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் ஃபின்னி தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பந்தை எடுக்கிற படத்தை, போனில் தேடி எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிளம்பிங் பயிற்சிக்குத் திங்கட்கிழமை போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இடதுகாலுக்கு என்ன செய்யவேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னான்.

மாமாங்கம் பயிற்சியாளர்:
சுவரில் இடதுகாலால் மட்டும் தினமும் அரைமணி நேரம் அடித்து எடுக்கட்டும். மாரி தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், அதற்குள் ஒருநாள் என்னிடம் அனுப்புங்கள்.