இறக்கையில் இரண்டு தடவை மருந்து அடித்த பிறகும் திரும்பிப் போய் மறுபடி அடித்தார்கள், ஏன்?

வசந்தி_ஸ்கார்பரோ:
போன ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டொராண்டோ பியர்சனிலிருந்து சென்னைக்குக் கிளம்பினேன். நல்ல பனி. விமானத்தைத் தனியாக ஓரிடத்தில் நிறுத்தி, முதலில் ஆவி பறக்க ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அடித்தார்கள், அப்புறம் பச்சையாக, கூழ் மாதிரி ஒன்று. உள்ளே ஏசி நின்று புழுக்கமாகிவிட்டது, லேசாக இனிப்பு வாடை வேறு. சரி, முடிந்தது என்று பார்த்தால் ஓடுபாதைக்குப் போகும் வரிசையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், அம்மாவுக்குப் பயம். முதல் தடவை சரியாகச் செய்யவில்லையா? வானத்தில் அந்த மருந்து கழுவிப் போய்விட்டால் என்ன ஆகும்?

ராம்ப்_ராசு:
அக்கா, நான் கனடாவில் ஒரு விமான நிலையத்தில் ஆறு குளிர்காலமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஆரஞ்சு என்பது டைப் 1, கிளைகால் என்ற ரசாயனமும் தண்ணீரும் கலந்து சூடாக்கியது. இருக்கிற பனியை உருக்கித் தள்ளுவதுதான் அதன் வேலை, அதுதான் டி-ஐசிங். ஆனால் அது மெல்லிசு, பனி பெய்துகொண்டே இருந்தால் சில நிமிடங்கள்தான் தாங்கும். அதனால்தான் மேலே பச்சை நிற டைப் 4, அது ஆன்டி-ஐசிங். கெட்டியாக இறக்கையில் உட்கார்ந்து, புதிதாக விழும் பனியைத் தன்னுள் உருக்கிக்கொள்ளும். அதற்கும் ஓர் அளவு உண்டு. வெப்பநிலை, பனியா உறைமழையா, எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதையெல்லாம் அட்டவணையில் பார்த்து எத்தனை நிமிடம் தாங்கும் என்று விமானி கணக்கு வைத்திருப்பார், இதை ஹோல்டோவர் டைம் என்போம். நேரம் ஓடத் தொடங்குவது கடைசிப் பூச்சை நாங்கள் அடிக்க ஆரம்பிக்கும் நொடியிலிருந்து, முடிக்கும்போது இல்லை. நீங்கள் வரிசையில் நின்றபோது அந்த நேரம் தீர்ந்திருக்கும் அல்லது பனி வலுத்திருக்கும். திரும்பி வந்தாரே, அந்த விமானியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கூழ் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போதே காற்றில் இளகி வழிந்துவிட வேண்டும், அப்படித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். மேலே போன பிறகு, பெரும்பாலான ஜெட்களில் என்ஜினிலிருந்து வரும் சூடான காற்று இறக்கையின் முன்விளிம்பைக் காக்கும். ஏசி நின்றது மருந்தின் புகை உள்ளே வராமல் இருக்க.

கணேஷ்_வின்னிபெக்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1992 மார்ச் 22, நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் நடந்த யுஎஸ்ஏர் 405 விமான விபத்து. அதற்கும் இரண்டு தடவை டி-ஐசிங் செய்தார்கள், ஆனால் டைப் 1 மட்டும்தான், இரண்டாவது முறைக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே சுமார் 35 நிமிடம் போய்விட்டது. 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். மணல் தாள் அளவு சொரசொரப்பான உறைபனி இருந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இது பாரத்தால் வருகிற பிரச்சினை இல்லை, காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுவதால் வருவது.

என் மனதை விட்டுப் போகாதது எங்கள் பக்கத்து டிரைடன் விபத்துதான். 1989 மார்ச் 10, ஏர் ஒண்டாரியோ 1363, தண்டர் பேயிலிருந்து வின்னிபெக் வரும் வழியில் டிரைடனில் இறங்கியது. என்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் ஏபியு கெட்டிருந்தது, டிரைடனில் வெளியிலிருந்து ஸ்டார்ட் செய்யும் கருவியும் இல்லை, அதனால் என்ஜினை அணைக்க முடியாது. என்ஜின் ஓடும்போது அந்த வகை விமானத்துக்கு டி-ஐசிங் செய்யவும் கூடாது. பனி விழுந்துகொண்டே இருந்தது, அப்படியே கிளம்பினார்கள். 69 பேரில் 24 பேர் போய்விட்டார்கள். பயணிகளாக வேறு இரண்டு விமானிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், இறக்கையில் பனி இருந்தது அவர்கள் கண்ணிலும் பட்டது, பணிப்பெண்ணும் பார்த்தார். காக்பிட்டுக்கு யாரும் சொல்லவில்லை. விமானிக்குத் தெரியாதா, நாம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். நீதிபதி மொஷான்ஸ்கி விசாரணை, ஒரு விமானியின் பிழை என்று நிற்காமல் நிறுவனத்தையும் அரசின் கண்காணிப்பையும் சேர்த்தே கேள்வி கேட்டது.

வசந்தி_ஸ்கார்பரோ:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு வரிசையில் நின்றபோது இறக்கையில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் பார்த்தேன், இதைப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். எதைப் பார்த்தால் சொல்ல வேண்டும்?

ராம்ப்_ராசு:
பச்சைக் கூழ் ஈரமாகப் பளபளத்தால் அது வேலை செய்கிறது. பளபளப்பு போய் மங்கி, விழுகிற பனி உருகாமல் மேலே வெள்ளையாகத் தங்கினால் அதன் காலம் முடிந்தது என்று பொருள். விமானம் ஓடுபாதையில் ஏறுவதற்குள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இறக்கையில் பனி தங்கியிருக்கிறது, கேப்டனிடம் சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். கேப்டன் வந்து ஜன்னல் வழியே பார்ப்பார், அல்லது ஆளை அனுப்புவார். நாங்களே சில சமயம் கையால் தொட்டுத்தான் பார்க்கிறோம், கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் அக்கா.

வசந்தி_ஸ்கார்பரோ:
இந்தப் பிப்ரவரியில் மறுபடி போகிறோம். இறக்கை தெரிகிற இருக்கையாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.