இரண்டு கண்ணும் தெரியாத குதிரைக்கு ஒலி வழிகாட்டி: நெற்றியில் சென்சாரா, இடத்தில் ஒலியா?

தோப்புக்காரர், கானாடுகாத்தான்:

வணக்கம். 12 வயது மட்டக்குதிரை, பெண். கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வை இனித் திரும்பாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வண்டியில் பூட்டுவதில்லை, தோப்பிலேயே பயமில்லாமல் நடமாட வேண்டும், அவ்வளவுதான்.

இடம் 40 மீட்டருக்கு 25 மீட்டர், செம்மண் தரை. ஒரு மூலையில் ஓட்டுக் கொட்டில், எதிர் மூலையில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி, நடுவே இரண்டு புளியமரம், கிழக்கே கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு. பார்வையற்றோருக்காக டெல்லி ஐஐடி உருவாக்கிய ஸ்மார்ட்கேன் தடியில் இருப்பதுபோல ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரைத் தலைக்கயிற்றில் கட்டி, எதிரே ஏதாவது வந்தால் 'பீப்' அடிக்க வைக்கலாமா? எந்த சென்சார், எந்த உயரம், எவ்வளவு தூரத்தில் ஒலிக்க வேண்டும்?

மின்னணுப் பட்டறை:

அண்ணே, செய்ய முடியும். ஆனால் குதிரைக்கு அது உதவாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் வாங்குவது எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) என்ற அல்ட்ராசோனிக் சென்சார். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி அனுப்பி, எதிரொலி திரும்புவதை வைத்து 2 செ.மீ முதல் 4 மீட்டர் வரை தூரத்தை அளக்கும். குதிரையின் காது ஏறக்குறைய 33.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதனால் சென்சாரின் ஒலி அதைத் தொந்தரவு செய்யாது. தோப்பில் நாய் இருந்தால் அதற்குக் கேட்கும். மழைக்குத் தாங்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகையும் உண்டு, ஆனால் 20 செ.மீக்கு உள்ளே வந்தால் அளவு தப்பும்.

சிக்கல் தலையில் இருக்கிறது. குதிரை புல்லுக்குக் குனிந்ததும் சென்சார் தரையைத்தான் பார்க்கும்; மேய்கிற நேரமெல்லாம் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். சாய்வுமானி சேர்த்து, தலை தாழ்ந்தால் அணைக்கலாம். அப்புறமும் கம்பி வேலி எதிரொலி தராது, சீமைக்கருவேலங்கிளை சிதறடித்துவிடும், சாய்வாக நெருங்கினால் வழவழப்பான சுவர்கூட ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். குதிரை முட்டிக்கொள்ளக் கூடியவை இவைதான், சென்சார் தவறவிடுவதும் இவற்றைத்தான்.

ஸ்மார்ட்கேன் கைக்கு அதிர்வாகச் சொல்கிறது. தடியை எந்தப் பக்கம் நீட்டினோம் என்று பிடித்தவருக்குத் தெரியும். குதிரைக்குத் தன் நெற்றியிலிருந்தே ஒலி வந்தால் தடை எந்தப் பக்கம், என்ன தடை என்று எதுவும் தெரியாது. ஒலி தடையிலிருந்து வர வேண்டும்.

லாயம், தேவகோட்டை:

தம்பி சொல்றது சரி. குதிரை நல்லாக் கேட்கும், ஆனா ஒலி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுல மட்டம். மனுசன் ஒரு டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பான், குதிரைக்குக் கிட்டத்தட்ட 25 டிகிரி வேணும். 10 மீட்டர் தள்ளி நின்னா, 4 மீட்டருக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு ஒலியும் அதுக்கு ஒரே திசைதான். அதனால ஒலி வைக்கிற இடம் கம்மியா, தள்ளித் தள்ளி, ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி இருக்கணும். உங்க இடத்துக்கு ரெண்டு போதும்: தொட்டிக்கு ஒண்ணு, கொட்டிலுக்கு ஒண்ணு.

ஒரே சுருதியில கீச்சிடுற பஸ்ஸர் வேணாம். சலசலப்பு, கரகரப்பு, தட்டுற சத்தம், இதுல எல்லா அலைவரிசையும் கலந்திருக்கு, திசை பிடிக்கச் சுலபம். தொட்டிக்கு நான் பார்த்ததுல நல்லது தண்ணி விழுற சத்தம். 12 வோல்ட், 5 வாட் சின்ன பம்பு ஒண்ணைத் தொட்டிக்குள்ளேயே போட்டு, அதே தண்ணியை விரல் தடிமன் குழாயில ஏத்தி, தண்ணி மட்டத்துக்கு மேல 15–20 செ.மீ உயரத்துலேருந்து விழ விடுங்க. தண்ணி வீணாகாது, பாசியும் குறையும். பம்பு தண்ணியில்லாம ஓடினா எரிஞ்சுடும், ஒரு மிதவை சுவிட்ச் போட்டுடுங்க.

கொட்டிலுக்கு மூங்கில் காத்துமணி தொங்க விடுறாங்க. நம்ம ஊருக்கு அது ஒத்து வராது. ஆடிக் காத்துல ஓயாம அடிக்கும், சித்திரை மத்தியானத்துல ஒரு சத்தமும் இருக்காது. ஒரு சின்ன ரேடியோவைப் பேச்சு நிகழ்ச்சி வச்சு, மெதுவா, எப்பவும் அதே உத்தரத்துல தொங்க விடுங்க. ஒரு தடவை இடம் மாத்தினா அது கத்துக்கிட்டது அத்தனையும் போச்சு.

நடமாடுற வழிகாட்டிதான் எல்லாத்தையும் விட மேல். சாதுவான ஒரு வெள்ளாட்டுக்கு வெண்கல மணி கட்டி விடுங்க. ஆடு போற பக்கம் குதிரை போகும். நைலான் கயித்துல கட்டாதீங்க. முள்ளுல மாட்டினா அறுந்து விழுற மாதிரி பருத்திக் கயிறு போதும். முதல் வாரம் நடுவுல படல் வச்சுப் பழக்குங்க, கண் தெரியாத குதிரை திடுக்கிட்டா உதைக்கும். இன்னொண்ணு: குதிரைக்கே அழகுக்குச் சலங்கை கட்டுறது வழக்கம், தயவுசெஞ்சு கழட்டிடுங்க. அது நடக்கிற ஒவ்வொரு அடியும் மத்த சத்தத்தையெல்லாம் மூடிடும்.

தரையும் பேசணும். புளியமரத்தைச் சுத்தி 2 மீட்டர் அகலத்துக்கு மணல், தொட்டியைச் சுத்தி 3 மீட்டருக்கு உருண்டையான பொடிக் கூழாங்கல், 8–10 செ.மீ கனம். குளம்புக்கு அடியில மாறுற உணர்வும் சத்தமும் "நில்லு"ன்னு சொல்லும். செம்புராஞ் சரளை மலிவுன்னு அதைக் கொட்டாதீங்க, ரெண்டு மழையில இறுகி செம்மண்ணோட ஒண்ணாயிடும், வித்தியாசமே இருக்காது.

தோப்புக்காரர், கானாடுகாத்தான்:

மிக்க நன்றி, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. கிணற்றுப் பக்கம் மட்டும் குதிரை நெருங்கும்போது ஒலிக்கிற மாதிரி வைக்கலாமா? உடல் வெப்பத்தை வைத்து அசைவைப் பிடிக்கும் பிஐஆர் சென்சார் கையில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியும் வேட்டும் வருமே, அப்போது?

மின்னணுப் பட்டறை:

கிணற்றுக்கு முதலில் சுவர். ஒலி ஒருபோதும் வேலிக்குப் பதில் ஆகாது. கைப்பிடிச் சுவரை 4 அடிக்குக் கட்டி, அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி மரக்கட்டை வேலி, அதற்கும் வெளியே மணல் பட்டை. முள்கம்பி கூடவே கூடாது. இவ்வளவும் முடிந்தபிறகு எச்சரிக்கை ஒலி வைக்கலாம்.

பிஐஆர் வேலை செய்வது உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். குதிரையின் உடல் 38 டிகிரி. காரைக்குடி கோடையில் காற்றும் அதையே தொடும். மத்தியானத்தில் பிஐஆர் குதிரையைப் பார்க்காமலே இருந்துவிடும். ஆர்சிடபிள்யூஎல்-0516 ரேடார் பலகை வாங்குங்கள்: 4 முதல் 28 வோல்ட் வரை ஏற்கும், 5–7 மீட்டரில் அசைவைப் பிடிக்கும், வெப்பம் பாதிக்காது. அதன் வெளியீடு 3.3 வோல்ட் மட்டுமே. நேராக மோட்டாரில் கொடுக்காமல் 1 கிலோஓம் மின்தடை, பிசி547 டிரான்சிஸ்டர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று போங்கள். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். ரிலே ஒரு சிறிய கியர் மோட்டாரைச் சுற்ற, அதன் முனையில் கட்டிய சங்கிலித் துண்டு பித்தளைத் தட்டில் அடிக்கட்டும். பலகைக்கு முன்னால் தகரம் இருந்தால் பார்க்காது. பின்னால் தகரம் வைத்தால் ஊர்ப்பாதைப் பக்கம் போகிறவர்களுக்கு அடிக்காது. இரண்டு பலகை ஒரு மீட்டருக்குள் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். ஆடும் கிளை அருகில் இருந்தாலும் வீணாக அடிக்கும். அடிக்கடி வீணாக அடிக்கிற ஒலியைக் குதிரை மதிக்காது.

பம்புக்கு மின்சாரம்: 5 வாட் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 120 வாட்-மணி. கடையில் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி தருவார்கள், அதன் கொள்ளளவே 84 வாட்-மணி. இரவு மட்டும் 60க்கு மேல் போகும், தினமும் இப்படி வற்றினால் சீக்கிரம் செத்துவிடும். 18 ஏஎச் பேட்டரியும் 50 வாட் சூரியப் பலகையும் போடுங்கள்.

கால்நடை மருத்துவர்:

ஒலி ஏற்பாட்டுக்கு முன்னால் இரண்டு விஷயம். பார்வை போன கண்ணிலும் வலி இருக்கலாம். கண்ணீர் வழிவது, இமை மூடியே இருப்பது, தலையைத் தேய்ப்பது தெரிந்தால் கண் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அருகில் வசதி இல்லாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் இந்தக் கண் அழற்சிக்கும் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் தொடர்பு உண்டு. தொட்டித் தண்ணீரிலும் கொள்ளுப் பானையிலும் எலி மூத்திரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துணைக்கு வரும் ஆட்டின் நலத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

மூக்கு, உதட்டு மீசை முடிகளை வெட்டாதீர்கள். கடைசி ஒரு சாண் தூரத்தைக் குதிரை அதனால்தான் அறிகிறது. பார்வையுள்ள போட்டிக் குதிரைகளுக்கே சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் அந்த முடிகளை வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. ஈ வலை போட்டால் காது திறந்திருக்கும் வகையாகப் பாருங்கள்.

திருவிழா நாளில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன்பே கொட்டிலில் சேர்த்து, ஆட்டையும் உடன் விட்டு, தண்ணீரை உள்ளேயே வையுங்கள். காதில் பஞ்சு அடைக்க வேண்டாம், பயம் இரட்டிப்பாகும்.

லாயம், தேவகோட்டை:

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டாதீங்க. முதல்ல தொட்டிச் சத்தம் மட்டும். கயித்துல பிடிச்சு கொட்டில்லேருந்து தொட்டிக்கும், தொட்டியிலேருந்து கொட்டிலுக்கும் ஒரே தடத்துல நடத்துங்க; வேலி ஓரமாச் சுத்தும்போது வலமும் இடமும் ரெண்டும் நடத்தணும், ஒரு பக்கம் மட்டும் பழகினா திரும்பி வரத் தெரியாது. கூழாங்கல்லுல கால் வைக்கிறப்ப "நில்", வாசப்படியில "ஏறு", "இறங்கு", வீட்ல எல்லாரும் இதே சொல்லைத்தான் சொல்லணும். தானா தண்ணிக்குப் போய்த் திரும்புதுன்னு உறுதியான பிறகு ரேடியோ, அப்புறம் ஆடு. தலைக்கயிறு தோல்ல இருக்கட்டும், எங்கேயாவது மாட்டினா அறுந்துடணும். தனியா விடுறப்ப அதையும் கழட்டிடுறது உத்தமம்.