ஆட்டிசம் உள்ள என் பிள்ளை "டி போடாதே" என்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அல்சூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரு அல்சூர். என் பிள்ளைக்கு 20 வயது, பெண்ணாகப் பிறந்தது. நான்கு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். பேசும், ஆனால் புது ஆட்கள் முன்னால் பேச்சு வராது, போனில் தட்டிக் காட்டும். செகண்ட் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் "எழுந்திருடி, மணி எட்டாகுது" என்று எழுப்பினேன். எழுந்து வந்து போனை என் கையில் கொடுத்தது. "அம்மா, டி போடாதே. நான் பையன். ரொம்ப நாளாகத் தெரியும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்று அதில் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பழைய விஷயமெல்லாம் ஞாபகம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் யூனிஃபார்ம் சுடிதாராக மாறியபோது துப்பட்டாவைப் பின் குத்தி அனுப்புவேன், மாலையில் கிழிந்து வரும். தொடு உணர்ச்சி அதிகம், துணி உறுத்தும் என்று தெரபிஸ்ட் சொன்னார். நானும் உட்கார்ந்து ஒவ்வொரு சுடிதாரிலும் கழுத்து லேபிளைப் பிளேடால் பிரித்து எடுத்தேன். அப்போதும் அழுகைதான். ஆனால் அதன் அண்ணனுடைய பழைய காலர் சட்டை, மொடமொடவென்று இருக்கும், லேபிளோடு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கும். அதை வெட்டச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு டாக்டரிடம் போனோம். "ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் உண்டு, இதுவும் அப்படித்தான், போய்விடும்" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பிடித்துக்கொள்கிற பழக்கம் உண்மைதான். 2011 அக்டோபரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது ஆறு வயது. தினமும் சாயங்காலம் எங்கள் அல்சூரில் உள்ள ஹலசூரு ஸ்டேஷனில் ஏறி பையப்பனஹள்ளி வரை போய்த் திரும்ப வேண்டும், "முந்தின நில்தாணா" (அடுத்த நிலையம்) என்று கன்னட அறிவிப்பை அப்படியே சொல்லும். மூன்று வருடம் அது ஓடியது, அப்புறம் தானாக விட்டது.

என் மைத்துனர், பிள்ளைக்கு நீதான் சட்டப்படி பாதுகாவலர் என்று கார்டியன் பேப்பர் வாங்கிவிடு, அப்புறம் எந்த முடிவும் உன் கையில் என்கிறார். எனக்கு எதுவும் புரியவில்லை. ஆட்டிசத்தால் வந்ததா இது? மெட்ரோ மாதிரிப் போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாரத்தஹள்ளி தம்பி:

அக்கா, நான் திருநம்பி, அதாவது பெண் என்று குறிக்கப்பட்டுப் பிறந்த ஆண், வயது 28. எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே 24 வயதில்தான். அதனால் உங்கள் மகனைப் பற்றி, ஆமாம் மகன் என்றே எழுதுகிறேன், நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

மெட்ரோவைப் பிடித்த பிள்ளை மெட்ரோவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது, அதில் போக ஆசைப்பட்டது. தன்னை வேறு மாதிரி கூப்பிடு என்று அப்போது கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஆர்வங்கள் வந்து போயிருக்கின்றன, எல்லாமே சந்தோஷமாக இருந்தவை. இது அந்த மாதிரி இல்லை. இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி விடும்போது கண்ணாடியில் யாரோ ஒருத்தி நிற்பாள், அவளைப் பார்க்காமல் தலை குனிந்துகொள்வேன். அதில் சந்தோஷம் எங்கே இருந்தது?

ஏன் இவ்வளவு தாமதமாகச் சொன்னான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குப் பசி எடுப்பதே சில நாள் தெரியாது, தலை வலிக்க ஆரம்பித்த பிறகுதான் சாப்பிடவில்லை என்று புரியும். உடம்புக்குள் நடப்பதை அடையாளம் கண்டு அதற்கு ஒரு சொல் தேடுவதற்கு எங்களில் பலருக்கு வருடக்கணக்கில் ஆகும். சொல் கிடைத்த அன்று திடீரென்று வந்த மாதிரி மற்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இது முக்கியம். "நிச்சயமா? நல்லா யோசிச்சியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிச் சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கினார்கள். என் வீட்டில் இப்படிக் கேட்டுக் கேட்டே நான் ஒரு வருடம் "இல்லை, சும்மா சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மீனா, உளவியல் ஆலோசகர்:

பிறப்பில் குறித்த பாலினத்தோடு பொருந்தாதவர்களைத் திருநர் என்கிறோம். ஆட்டிசமும் திருநர் அடையாளமும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. 2010-இல் ஆம்ஸ்டர்டாம் கிளினிக்கில், பாலின அடையாளச் சிக்கலோடு வந்த 204 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பார்த்ததில் 7.8 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. 2020-இல் கேம்பிரிட்ஜின் வருண் வாரியரும் மற்றவர்களும் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் உள்ள தரவுகளை அலசி, பிறப்பில் குறித்த பாலினத்தோடு பொருந்துகிறவர்களைவிடத் திருநரிடமும் பாலின அடையாளம் வேறுபட்ட மற்றவர்களிடமும் ஆட்டிசம் சுமார் 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோர் திருநர் இல்லை, திருநரில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இல்லை, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்றால் மற்றொன்று வந்தது என்று இந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஊர் எதிர்பார்ப்புக்காகத் தன்னை மறைத்துக்கொள்ளும் பழக்கம் ஆட்டிசம் உள்ளவர்களிடம் குறைவாக இருப்பதால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். என் அனுபவத்தில் அது பலருக்குப் பொருந்துகிறது, எல்லோருக்கும் இல்லை, சிலர் வருடக்கணக்கில் நடித்துக் களைத்துப்போய் வருகிறார்கள். எப்படி வந்தாலும், ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங்கும் இத்துறை மருத்துவர்களும் சேர்ந்து தயாரித்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ஆட்டிசம் இருப்பது மற்றதை மறுக்கக் காரணம் இல்லை, ஆனால் கூடுதல் நேரம் கொடுங்கள், விஷயத்தைத் தெளிவாக, கண்ணால் பார்க்கிற மாதிரி விளக்குங்கள் என்று.

அதனால் பெயர், முடி, உடை, டா, டி இவற்றில் இன்றைக்கே பிள்ளை சொல்வதைக் கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாது. ஹார்மோன், அறுவை சிகிச்சை வேறு விஷயம், அதற்கு இரண்டையும் அறிந்த மருத்துவரோடு நிதானமாகப் பேச வேண்டும், அவசரமும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போகும்போது பிள்ளை எழுதியதை அச்செடுத்துக் கொண்டு போங்கள், எழுதிக்காட்ட நேரம் கேளுங்கள். உங்களிடம் மட்டும் பேசிவிட்டு அனுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். "பையன் என்கிற நினைப்பையே மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த மாதிரி சிகிச்சைக்குத் தடை சொன்னார், அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது.

ஸ்ரீராமபுரம் அப்பா:

அம்மா, என் மகனுக்கும் ஆட்டிசம், 26 வயது. அவனுக்குப் பேச்சே கிடையாது, நாங்கள் கார்டியன் பேப்பர் வாங்கியிருக்கிறோம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வருவது அது, மாவட்டத்தில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பராமரிப்பும் சொத்தும் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பேப்பர். உங்கள் பிள்ளை பியூசி படித்திருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் காட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு இதற்காகப் போய் கார்டியன் வாங்குவது அதன் வாயை அடைப்பது. மைத்துனரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒரு பயம் எனக்கு உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வெளியே யார் நல்லவர், யார் ஏமாற்றுகிறவர் என்று தெரியாது. மெட்ரோவில் செக்கிங் இடத்தில் ஆண் வரிசையா பெண் வரிசையா என்று ஒருத்தர் சத்தம் போட்டால் நம் பிள்ளை அங்கேயே உறைந்து நின்றுவிடும். என் மகன் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், கன்னடத்திலும் தமிழிலும், "எனக்கு ஆட்டிசம், தொடாதீர்கள், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று. உங்கள் பிள்ளைக்கும் ஒன்று எழுதுங்கள், என்ன எழுதலாம் என்று அதையே கேட்டு எழுதுங்கள்.

அல்சூர் அம்மா:

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை படித்தேன். தம்பி, நானும் வாரத்துக்கு ஒரு தடவை "நிச்சயமா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் "தெரியவில்லை" என்று எழுதியது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அது ஏன் அப்படி எழுதியது என்று இப்போது புரிகிறது. இனிமேல் கேட்க மாட்டேன்.

பொண்ணாக இருந்தாலும் செல்லமாக "வாடா கண்ணு" என்போமே, சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும். "டி" என்றால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். காதில் ஏதாவது கோளாறோ என்று டெஸ்ட் கூட எடுத்தோம்.

நேற்று ராத்திரி "சாப்பிட வாடா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, வந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டான். அட்டையில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். போனை எடுத்து ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தான், மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறான், எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.