செலினைல் இண்டோல்: அயோடின்–டிஎம்எஸ்ஓ முறையிலும் கணக்கீட்டிலும் சில சந்தேகங்கள்

கென்ட்ரிட்ஜ்_வேதி:
வணக்கம். 3-(ஃபீனைல்செலினைல்) இண்டோல்களை உலோக வினையூக்கி இல்லாமல் தயாரிக்க வேண்டும். ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனைக்காக. இண்டோல் 1 மில்லிமோல் (117 மி.கி.), டைஃபீனைல் டைசெலினைடு 0.5 மில்லிமோல் (156 மி.கி.), அயோடின் 10 மோல் சதவீதம், டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) 3 மில்லிமோல், 80 டிகிரி. தனியாகக் கரைப்பான் கிடையாது. சாதா இண்டோல் நன்றாக வருகிறது, 5-நைட்ரோ இண்டோல் பாதியில் நிற்கிறது. டைசெலினைடைக் கூட்டினால் டிஎல்சியில் (மெல்லடுக்குப் பிரிகைத் தட்டில்) இன்னொரு புள்ளி. கூடவே ஆய்வகம் முழுக்க நாற்றம். டாக்கிங்கில் (மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணக்கீட்டில்) வீனா மென்பொருள் செலினியம் அணுவையே ஏற்க மறுக்கிறது. இதைப் பசுமை முறை என்று எழுதலாமா?

ஜூரோங்_ரசாயனி:
அயோடினும் டைசெலினைடும் சேர்ந்து ஃபீனைல்செலினைல் அயோடைடு ஆகிறது. அதை இண்டோலின் மூன்றாம் கார்பன் தாக்குகிறது. வெளிவரும் ஹைட்ரஜன் அயோடைடை டிஎம்எஸ்ஓ மறுபடி அயோடினாக்குகிறது. நைட்ரோ தொகுதி எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அந்தத் தாக்குதல்தான் மந்தமாகிறது. அயோடினை 20 மோல் சதவீதமாக்கி, டிஎம்எஸ்ஓவை அரை மில்லிலிட்டராக்கி (களியாக இறுகினால் கலக்கி சுற்றவே சுற்றாது), 100 டிகிரியில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் சூடு வேண்டாம். அமிலமும் ஹாலஜனும் இருக்கும்போது டிஎம்எஸ்ஓ வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிதையத் தொடங்கும்.

பொட்டாசியம் கார்பனேட் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். காரம் ஹைட்ரஜன் அயோடைடைப் பிடித்துக்கொண்டால் அயோடின் திரும்பி வராது, சுழற்சி அங்கேயே செத்துவிடும்.

புதுப் புள்ளி பெரும்பாலும் 2,3-இரட்டைச் செலினைல் பொருள். மாஸ் (நிறை நிறமாலை) பாருங்கள்: உங்களுக்கு வேண்டியது 274, இரட்டை 430 அருகில் (இரண்டும் புரோட்டான் சேர்ந்த அயனி, செலினியம்-80 கணக்கு). ஒரு செலினியமா இரண்டா என்று ஐசோடோப்புக் கொத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே டைசெலினைடு 0.5-ஐத் தாண்ட வேண்டாம்.

நாற்றம் டைமெத்தில் சல்ஃபைடு. கொதிநிலை 37 டிகிரி, நம் சிங்கப்பூர் வெயிலுக்கே பறந்துவிடும். வெளிவரும் வாயுவை வீட்டு பிளீச் கரைசல் வழியாக விடுங்கள், அது ஆக்சிஜனேற்றி அடக்கிவிடும். அந்தக் கரைசலில் அமிலம் மட்டும் படக்கூடாது, குளோரின் வரும். அளவைப் பெருக்கும்போது குழாயை இறுக மூடவும் கூடாது.

பசுமைக்_கணக்கு:
சமன்பாட்டளவில் நல்ல வினைதான். டைசெலினைடின் இரண்டு பாதியும் பொருளில் சேர்கின்றன, கழிவாக வருபவை தண்ணீரும் டைமெத்தில் சல்ஃபைடும் மட்டுமே. அணுச் சிக்கனம் (வினைபடு பொருள்களின் எடையில் விளைபொருளில் சேரும் பங்கு) சுமார் 87 சதவீதம். ஆனால் பிறகு எத்தில் அசிட்டேட்டில் மூன்று முறை பிரித்து, சிலிக்கா நிரலில் (காலம் குரோமட்டோகிராஃபி) அரை லிட்டர் ஹெக்சேனை ஓடவிட்டால் அந்த 87-க்கு என்ன மதிப்பு? 250 மி.கி. பொருளுக்கு அது ஆயிரம் மடங்குக்கு மேல் கழிவு. ஈ-ஃபேக்டரை (பொருளின் எடைக்கு எத்தனை மடங்கு கழிவு என்ற கணக்கை) கரைப்பானையும் சிலிக்காவையும் சேர்த்தே போடுங்கள். திடப் பொருள்களுக்குச் சிலிக்கா நிரலைத் தவிர்க்கலாம்: 10 சதவீத சோடியம் தையோசல்ஃபேட் கரைசலை ஊற்றி, படிவதை வடிகட்டி, நீரில் கழுவி, ஹெப்டேனில் சிறிது எத்தில் அசிட்டேட் சேர்த்து மறுபடிகமாக்குங்கள். மஞ்சள் டைசெலினைடு தாய்க்கரைசலில் தங்கிவிடும், அதை மீட்டுப் பயன்படுத்தலாம்.

கழுவிய நீரில் செலினியம் இருக்கும். சிங்க்கில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து, என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

குவாண்டம்_கிளமெண்டி:
வீனாவுக்குச் செலினியத்தின் அளபுருக்கள் இல்லை. அமைப்பை டிஎஃப்டியில் (குவாண்டம் கணக்கீட்டு முறை) செப்பனிட்டு, வீனாவுக்கான பிடிபிகியூடி கோப்பில் அணு வகையை மட்டும் கந்தகம் என்று மாற்றுங்கள், ஆயத்தொலைகளைத் தொடாதீர்கள். கந்தகத்தின் வான் டெர் வால்ஸ் ஆரம் 1.80 ஆங்ஸ்ட்ராம், செலினியத்துக்கு 1.90. எனவே அந்த மதிப்பெண்ணை வைத்துச் செலினியம்–ஆக்சிஜன் பிணைப்பு பற்றி எதுவும் சொல்ல முடியாது.

டிஎஃப்டிக்கு லான்எல்2டிஇசட் என்ற அடிப்படைச் சார்புத் தொகுதிப் பழக்கத்தை விடுங்கள். முனைவாக்கச் சார்புகள் இல்லாததால் செலினாக்சைடின் (செலினைடின் ஆக்சிஜனேறிய வடிவம்) செலினியம்–ஆக்சிஜன் நீளம் தப்பாக வரும். டெஃப்2-டிஇசட்விபி தொகுதி செலினியத்துக்கு எல்லா எலக்ட்ரானையும் எடுத்துக்கொள்கிறது. டிஎஃப்டி சார்பாக ஒமேகா-பி97எக்ஸ்-டி அல்லது பி3எல்ஒய்பி-டி3பிஜே, கரைப்பானுக்கு எஸ்எம்டி மாதிரி. இந்தச் சிறிய மூலக்கூறுக்கு ஆஸ்பயர் 2ஏ மீக்கணினி வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை, ஆய்வகக் கணினியே போதும். கார்பன்–செலினியப் பிணைப்புகள் இரண்டையும் சுழற்றி எல்லாக் கன்ஃபார்மர்களையும் (சுழற்சியால் வரும் வடிவங்களையும்) முதலில் தேடுங்கள். ஹோமோ–லூமோ (எலக்ட்ரான் நிறைந்த மேல்மட்டம், காலியான கீழ்மட்டம்) இடைவெளியை அட்டவணையில் போட்டு, அதிலிருந்து நேராக மருந்துக்குத் தாவும் கட்டுரைகள் ஏற்கெனவே போதுமானவை இருக்கின்றன.

கென்ட்ரிட்ஜ்_வேதி:
மிக்க நன்றி. எப்செலெனை (ஆக்சிஜனேற்றத் தடுப்புச் செலினியச் சேர்மம்) ஒப்பீட்டுக்கு வைக்கலாமா?

ஜூரோங்_ரசாயனி:
வைக்கலாம், ஆனால் அதன் செலினியம்–நைட்ரஜன் பிணைப்பைத் தயோல் (கந்தகம்–ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) உடனே திறக்கும். உங்களுடையது செலினைடு, அது செலினாக்சைடு வழியாகச் சுழல வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடும் தையோஃபீனாலும் மெத்தனாலில் எடுத்து, 305 நானோமீட்டரில் டைஃபீனைல் டைசல்ஃபைடு உருவாகும் வேகத்தை அளவிடுங்கள். நொதித் தடுப்புச் சோதனையும் உண்டென்றால் டிடிடி (டைதயோத்ரெய்டால் என்ற தயோல்) சேர்த்தும் சேர்க்காமலும் நடத்துங்கள். கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸில் எப்செலெனின் தடுப்பு டிடிடி சேர்த்ததும் காணாமல் போனது.