மின்தடை, மின்துண்டிப்பு, மின்னறுதி

அன்புடையீர், வணக்கம்.

கூரை விளக்கை வீட்டிலேயே மாற்றுவோருக்கான பாதுகாப்புக் குறிப்பில் ‘ஐசொலேஷன்’ என்பதை, அதாவது வேலை செய்யும் இடத்துக்கு மின்சாரம் வராதபடி முழுதாக அறுத்து வைப்பதை, தமிழில் எப்படி எழுதுவது என்று நம் குழுவின் தக்கலை அன்பர் கேட்டிருந்தார். அவர் முன்வைத்த ‘தனிமைப்படுத்தல்’ கொரோனாவுக்குப் பிறகு நோயாளியைத்தான் நினைவூட்டுகிறது. ‘மின்தடை’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: பாடநூலில் அது ஓம் அலகில் அளக்கப்படுவது, நாளிதழில் கரண்டு போவது. ‘மின்துண்டிப்பு’ என்றாலோ கட்டணம் செலுத்தாத வீட்டின் நினைவு வருகிறது.

இவை எல்லாவற்றிலும் உள்ள பெரிய குறை, அணைப்பதை மட்டும் சொல்லி, அணைந்ததா என்று உறுதிசெய்வதை விட்டுவிடுவதுதான். ஒக்கிப் புயலின்போது நாட்கணக்கில் இருளில் கிடந்த நம் குமரி மாவட்டத்தில், காற்றுக்கு ரப்பர் மரம் லைனில் சாய்வது மழைக்காலத்துக்கு மழைக்காலம் நடப்பதால், பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அத்தகைய வீட்டில் ஒருவர் மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் அதைக் கரண்டு போனதாகவே எடுத்துக்கொண்டு, தன் லைனில் உள்ள விளக்குகளுக்கு மின்கலத்திலிருந்து 230 வோல்ட் அளவில் மீண்டும் மின்சாரம் கொடுக்கும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலோ, மெயின் மின்சாரம் பெரும்பாலும் அதன் வழியாகவே கடந்து வந்துவிடும். இரண்டையும் அணைத்தால்தான் ஆயிற்று. சுவர் சுவிட்சை நம்புவதும் ஆகாது. அதை மின்சாரம் வரும் வயரான பேஸில் கொடுக்காமல், திரும்பிச் செல்லும் வயரான நியூட்ரலில் கொடுத்திருந்தால், விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்.

ஆகவே நான் முன்மொழிவது ‘மின்னறுதி’. ‘அறு’ என்னும் வினையிலிருந்து வந்த ‘அறுதி’க்கு முடிவு என்றும் உறுதி என்றும் பொருள் உண்டு, ‘அறுதியிட்டுக் கூறு’ என்கிறோம், ‘அறுதிப் பெரும்பான்மை’ என்கிறோம். மின்சாரம் அறுபட்டது, அறுபட்டது உறுதியானது என்ற இரண்டும் ஒரே சொல்லுக்குள் அமைகின்றன. ‘மின்னறுதி செய்’ என்று வினையாகவும், ‘மின்னறுதிச் சோதனை’ என்று தொடராகவும் இது இயல்பாக நீளும்.

மார்த்தாண்டத்து அம்மையார், டெஸ்டரை வைத்துப் பார்ப்பதற்கெல்லாம் தனிச்சொல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். டெஸ்டர் ஏமாற்றும் என்பதால்தான் வேண்டும் என்கிறேன். நியான் டெஸ்டரின் பின்முனையில் விரல் வைத்தால், மிகச் சிறிய மின்னோட்டம் உடல் வழியாகத் தரைக்குச் சென்றால்தான் அது ஒளிரும். ஆனால் மர மச்சு உள்ள பழைய ஓட்டு வீட்டில், உலர்ந்த அயினிப் பலகை ஸ்டூலில் ஏறி நின்று பார்ப்பவருக்கு அந்த ஒளி மிக மங்கலாகவே தெரியும். சன்னல் வெளிச்சம் எதிரே இருந்தால் தெரியாமலே போகலாம். எனவே மின்சாரம் இருப்பது நிச்சயமான ஒரு பிளக் பாயின்டில் முதலில் டெஸ்டரை ஒளிரவைத்துப் பார்த்து, பிறகு விளக்கின் வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, மறுபடியும் அதே பாயின்டில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை அணைத்த பிறகு வீட்டில் அப்படிப்பட்ட பாயின்ட் இருக்காது என்பதால், மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில்தான் டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். இந்த மூன்று படிகளையும் சேர்த்தே மின்னறுதிச் சோதனை என்று வரையறுக்கலாம்.

விளக்கின் வயர் கூரையில் இணையும் வட்ட மூடியான ‘சீலிங் ரோஸு’க்குத் தமிழில் சிலர் அனுப்பிய மலர்ப் பெயர்கள் அழகானவைதாம், ஆயினும் கடையில் கேட்டால் கிடைக்கும் பெயரை விட்டுவிடுவது வாங்கப் போகிறவருக்கு உதவாது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பு இல்லையெனில், பாதுகாப்புக் குறிப்பின் வரைவில் ‘மெயினை அணைக்கவும்’ என்றிருக்கும் வரியை இப்படி மாற்றிவிடுகிறேன்: “மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, மின்னறுதிச் சோதனை முடித்த பின்னரே பழைய விளக்கின் வயரைத் தொடவும்.”

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்