ஓடைக்கரையில் தட்டான் வெளிவந்த காலை

சிறிய ஊர், அதைவிடச் சிறிய பூங்கா. அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் மகளை அழைத்துக்கொண்டு போனேன். மறுநாள் விடியற்காலையில் இருட்டோடு எழுந்து அதே இடத்துக்கு மறுபடியும் போனோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் ஓடை, அதை ஒட்டி வளைந்து போகும் மண்பாதை, இரண்டு மரப்பாலங்கள். பாதை முடிகிற இடத்தில் இரண்டே அறைகள் கொண்ட இயற்கை மையம். உள்ளே மேசைமேல் உதிர்ந்த இறகுகள், ஒரு பாம்புச் சட்டை, காலியான குருவிக்கூடு. எல்லாவற்றையும் குழந்தைகள் கையில் எடுத்துப் பார்க்கலாம். அங்கே இருந்த அம்மையார் என் மகளைப் பார்த்து, "இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் கண்ணு, முதலில் தண்ணீரில் இறங்கு" என்று சொல்லி ஒரு வெள்ளைத் தட்டையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: புரட்டிய கல்லை எடுத்த இடத்திலேயே, அடியில் இருந்த பக்கமே கீழே இருக்கும்படி வைத்துவிட வேண்டும். "அடியில் குடியிருக்கிறார்கள்" என்றார்.

கணுக்கால் ஆழம்தான். முதல் கல்லைப் புரட்டியதும் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பாசி. மகள்தான் பூதக்கண்ணாடியை வைத்துக் கண்டுபிடித்தாள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, தட்டையான உடலும் மூன்று வால்களுமாக ஒரு பூச்சி. வயிற்றின் இருபக்கமும் மெல்லிய செவுள்கள் விசிறிபோல் அசைந்துகொண்டிருந்தன. மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது. பக்கத்திலேயே விரல்நகத்தின் நீளத்தில் ஒரு மணல் குழாய் ஒட்டியிருந்தது. குப்பை என்று நினைத்தேன். குழாயின் ஒரு முனையிலிருந்து ஆறு கால்கள் வெளியே வந்தன! கேடிஸ் என்ற பூச்சியின் புழு, தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் மணலைப் பரல் பரலாக ஒட்டித் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு அது. ஒவ்வொரு பரலும் அடுத்ததோடு இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்தது.

அம்மையார் சொன்ன ஒரு செய்தி எனக்குப் பிடித்தது. கருவியைத் தண்ணீரில் விட்டுச் சோதித்தால் அந்த நிமிடத்தின் நிலைதான் தெரியும். இந்தப் பூச்சிகளோ மாதக்கணக்கில் இங்கேயே கிடந்து பிழைத்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அழுக்கையும் ஆக்சிஜன் குறைவையும் தாங்காதவை. ஆகவே இவை விதவிதமாக இருந்தாலே நீர் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கரையில் மரங்களை வெட்டாமல் விட்டிருப்பதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நிழல் போனால் மூச்சும் குறையும்.

கிளம்பும்போது, இரண்டாவது பாலத்தின் அடியில் நாணல் தண்டுகளில் பழுப்பு நிறக் கூடுகள் ஒட்டியிருப்பதை மகள் காட்டினாள். முதுகு பிளந்த வெறும் தோல்கள். "தட்டான் கழற்றிவிட்டுப் போன சட்டை. பார்க்க வேண்டுமானால் நாளைக்கு விடியும்போது வாருங்கள்" என்றார் அம்மையார்.

போனோம். அரைமணி நேரம் குந்தியிருந்த பிறகு, இறக்கை விரியாத இளம்பருவத் தட்டான் ஒன்று தண்ணீரிலிருந்து மெதுவாகத் தண்டில் ஏறியது. சேற்று நிறம். ஏறி நின்றது, அசையவில்லை. பிறகு தலைக்குப் பின்னால் தோல் பிளந்து, உள்ளிருந்து வெளிறிய பச்சையில் ஒரு முதுகு புடைத்துக்கொண்டு வந்தது. தலை, கால்கள் எல்லாம் வெளியே வந்ததும் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கியது. மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்துத் திடீரென்று எழும்பித் தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு மிச்ச உடலையும் உருவி எடுத்தது. கசங்கிய காகிதம்போல் இருந்த இறக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. முதலில் பால் நிறம், பிறகு கண்ணாடி.

அந்த நேரத்தில் ஒரு மீன்கொத்தி தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். திரும்பியபோது தண்டில் வெறும் தோல் மட்டும் இருந்தது.

*

மறுமொழி:

படித்ததும் எங்கள் ஓடைப் பூங்கா நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீருக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதை ஏன் அகற்றவில்லை என்று நான் கோபமாகவே கேட்டேன். பணியாளர் பதில் சொல்லாமல் என்னைப் பாலத்தில் நிற்கவைத்தார். மரத்தின் நிழலில் மீன்குஞ்சுகள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. மேலே ஆமை வெயில் காய்ந்தது. அன்றிலிருந்து நான் அந்த மரத்தின் பக்கம்தான்.

ஒரு சந்தேகம். தலைகீழாகத் தொங்கும்போது தட்டான் தண்ணீரில் விழுந்துவிடாதா?

*

மறுமொழி:

நானும் அதையே கேட்டேன், அண்ணா. வயிற்றின் நுனி இன்னும் பழைய தோலுக்குள் இருக்கும், அதுதான் தாங்குகிறது. வெளியே வந்த கால்கள் முதலில் துவண்டிருக்கும். அவை இறுகும்வரைதான் அந்தக் காத்திருப்பு. பலமான காற்று அடித்தாலோ, நாம் தண்டை அசைத்தாலோ விழுந்துவிடும். இறக்கை சரியாக விரியாவிட்டால் பறக்கவே முடியாது. ஆகவே போகிறவர்கள் இரண்டடி தள்ளியே குந்துங்கள், நாணலைத் தொடாதீர்கள். இந்த ஞாயிறும் நாங்கள் போகிறோம். மீன்கொத்தி கத்தினால் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்ப்பது என்று மகள் முடிவு செய்துவிட்டாள்.